ஆபத்து மிகுந்த கர்ப்பங்களில் சிசேரியன் மயக்கமுறைத் தெரிவு: கொழும்பை முன்னிறுத்திய வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிசேரியன் சத்திரசிகிச்சைக்குத் தாயை முழுதாக மயக்குவதா, முள்ளந்தண்டில் ஊசி போட்டு மார்புக்குக் கீழே விறைக்கச் செய்வதா என்ற கேள்விக்கு மருத்துவம் கடந்த 175 ஆண்டுகளில் பலமுறை மாறுபட்ட விடைகளைச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் எண்ணிப் பார்க்கப்பட்ட தாய் மரணங்கள் இருக்கின்றன. அந்த மாற்றங்களை இக்கட்டுரை கால வரிசையில் தொடர்ந்து, உயர் குருதியமுக்கம், இதய நோய், நச்சுக்கொடிக் கோளாறு, டெங்கு ஆகிய நிலைகளில் இன்றைய தெரிவு எப்படி அமைகிறது என்பதைக் கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதித் தாய்மாரை மனதில் வைத்து ஆராய்கிறது. தாய் விழித்திருக்கும் முறை பாதுகாப்பானது என்ற இன்றைய கொள்கை முழுப் பயன் தருவதற்கு இரண்டு வேண்டும்: முன்கூட்டியே திட்டமிடுவதற்கான கால அவகாசமும், மேசையில் கிடக்கும் தாயோடு அவளுடைய மொழியில் பேசக்கூடிய ஓர் ஆளும். இதுவே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

1. ஆய்வின் பொருளும் எல்லையும்

கொழும்பு நகரின் தெற்கே கடலோரமாக வெள்ளவத்தை. வடக்கே துறைமுகத்தை ஒட்டிக் கொட்டாஞ்சேனை. தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழும் இவ்விரு பகுதிகளிலிருந்தும் பிரசவத்துக்குச் செல்லும் வழிகள் வேறுபடுகின்றன. அரச வைத்தியசாலையை நாடும் வெள்ளவத்தைத் தாய்மாருக்குக் களுபோவிலயிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை கிட்ட இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து வருவோருக்கு டி சொய்சா, காசல் வீதி ஆகிய மகளிர் வைத்தியசாலைகள் உண்டு. வசதியுள்ளவர்கள் தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். எங்கே போனாலும், சிசேரியன் என்று முடிவானதும் வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “முதுகில ஊசி போடுவினமா, முழுசா மயக்குவினமா?”

நலமான கர்ப்பத்தில் இதற்கு விடை இன்று ஏறத்தாழ ஒன்றே: முள்ளந்தண்டு ஊசி. தாய்க்குக் கடுமையான பிரஷர், இதய வால்வு நோய், கருப்பை வாயை மூடிக் கிடக்கும் நச்சுக்கொடி, மிகையான உடற்பருமன், குருதிச் சிறுதட்டுகளின் வீழ்ச்சி போன்றவை இருந்தால் விடை எளிதல்ல. அங்கே ஒரு முறையின் நன்மையே மற்றொரு தாய்க்குத் தீமையாகலாம். அந்தத் தெரிவு இன்றைய வடிவத்துக்கு எப்படி வந்தது என்பதை அறிந்தால்தான் அதன் வலுவும் வரம்பும் விளங்கும்.

2. ஈதரும் குளோரோபோமும்: 1847 முதல் 1900 வரை

1846 ஒக்டோபர் 16 அன்று பொஸ்டன் நகரில் வில்லியம் மோர்ட்டன் ஈதர் மயக்கத்தைப் பகிரங்கமாகச் செய்து காட்டினார். ஏறத்தாழ மூன்று மாதங்களில், 1847 ஜனவரியில், எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் அதைப் பிரசவத்தில் பயன்படுத்தினார். அந்தத் தாயின் இடுப்பெலும்பு குறுகி உருக்குலைந்திருந்தது. பிரசவ மயக்கத்தின் வரலாறு ஆபத்து மிகுந்த ஒரு கர்ப்பத்தில்தான் தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு நவம்பரில் சிம்சன் குளோரோபோமுக்கு மாறினார். 1853 ஏப்ரலில் ஜோன் ஸ்னோ விக்டோரியா மகாராணிக்கு அதையே கொடுத்தார். பிரசவ வலியைத் தணிப்பது முறைதானா என்ற சமயவழி எதிர்ப்பு அதன்பின் தளர்ந்தது.

ஆனால் ஆபத்தின் முதல் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்துவிட்டது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் அருகே, கால்விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காகக் குளோரோபோம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி ஹன்னா கிரீனர் இறந்தாள். குளோரோபோம் மூச்சை நிறுத்துகிறதா, இதயத்தை நிறுத்துகிறதா என்ற விவாதம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. 1888, 1889 ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவின் ஹைதராபாத்தில் நிஜாமின் ஆதரவுடன் இரு ஆணைக்குழுக்கள் இதை விலங்குச் சோதனைகளால் ஆராய்ந்து, மூச்சைக் கவனித்தால் போதும் என்று முடிவு கூறின. அது தவறென்பதும், இதயத் துடிப்பு திடீரெனச் சீர்குலைவதே மரணத்துக்குக் காரணமாகலாம் என்பதும் 1911-இல் லீவி என்பவரின் ஆய்வால் தெளிவாயின.

இலங்கையில் மேலை மருத்துவம் தமிழிலேயே கற்பிக்கப்பட்ட காலமும் இதுதான். அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழில் வைத்தியம் கற்பித்தார். உடற்கூறு, மகப்பேறு, சத்திரசிகிச்சை நூல்களைத் தமிழில் வெளியிட்டார். கொழும்பில் 1870-இல் மருத்துவப் பாடசாலை தொடங்கப்பட்டது. 1879-இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் எழுந்த மகப்பேற்று மனை, 1844-இல் சென்னையில் தொடங்கிய எழும்பூர் மகப்பேற்று மருத்துவமனைக்கு அடுத்தபடியாக ஆசியாவின் பழைமையான மகப்பேற்று நிலையங்களுள் ஒன்றாகும். இன்றைய டி சொய்சா மகளிர் வைத்தியசாலை அதன் தொடர்ச்சியே.

அக்காலத்தில் சிசேரியன் என்பது தாயைப் பெரும்பாலும் இழக்க நேரிடும் இறுதி முயற்சி. 1876-இல் இத்தாலியின் எடுவார்டோ பொரோ குழந்தையை எடுத்தபின் கருப்பையையும் அகற்றிக் குருதிப்பெருக்கைத் தடுத்தார். 1882-இல் ஜெர்மனியின் மக்ஸ் சேங்கர் கருப்பைச் சுவரைத் தைக்கும் முறையை நிலைநிறுத்தினார். அதற்குப் பின்னரே தாய் பிழைப்பாள் என்ற நம்பிக்கை பிறந்தது. குருதிப்பெருக்கும் கிருமித்தொற்றுமே கொல்லும் காரணங்களாக இருந்தவரை, எந்த மயக்கம் என்ற கேள்விக்குத் தனி இடம் இருக்கவில்லை.

3. முள்ளந்தண்டு ஊசியின் எழுச்சியும் பின்னடைவும்: 1898 முதல் 1954 வரை

1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஓகஸ்ட் பியர் முள்ளந்தண்டுத் திரவத்துள் கோக்கெயினைச் செலுத்திக் காலில் சத்திரசிகிச்சை செய்தார். 1900-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒஸ்கார் கிறைஸ் அதையே பிரசவ வலிக்குப் பயன்படுத்தினார். தண்டுறைக்கு வெளியே மருந்தைச் செலுத்தும் எபிடியூரல் முறையை 1921-இல் ஸ்பெயின் நாட்டு இராணுவ மருத்துவர் பிடேல் பாஹேஸ் விவரித்தார். 1930-களின் தொடக்கத்தில் இத்தாலியின் டொக்லியொட்டி அதைப் பரவலாக்கினார்.

ஆனால் கர்ப்பிணிகளில் இம்முறை தொடக்கத்தில் அச்சத்தையே விதைத்தது. மற்ற நோயாளிகளுக்குக் கொடுத்த அளவையே தாய்க்கும் கொடுத்தார்கள். கர்ப்பத்தில் அதே அளவு மருந்து உடலில் கூடுதல் உயரத்துக்கு ஏறும் என்பது அப்போது விளங்கியிருக்கவில்லை. மல்லாந்து படுக்கும்போது நிறைமாதக் கருப்பை பெருநாளத்தை அழுத்தி இதயத்துக்குத் திரும்பும் குருதியைக் குறைக்கிறது என்பது 1953-இல்தான் தெளிவாக விவரிக்கப்பட்டது. குருதி அழுத்தம் விழுந்து தாய்மார் இறந்தபோது குற்றம் முறையின் மேலேயே விழுந்தது.

1947 ஒக்டோபரில் இங்கிலாந்தின் செஸ்டர்பீல்ட் மருத்துவமனையில் ஒரே நாளில் முள்ளந்தண்டு ஊசி பெற்ற வூலி, ரோ என்ற இருவருக்குக் கால்கள் நிரந்தரமாகச் செயலிழந்தன. வழக்கு 1953, 1954 ஆம் ஆண்டுகளில் விசாரிக்கப்பட்டது. மருந்துக் குப்பிகளை வைத்திருந்த பீனோல் கரைசல் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வழியே உட்புகுந்தது என நீதிமன்றம் ஏற்றது. கிருமிநீக்கும் கலத்தில் தங்கியிருந்த அமிலமே காரணம் எனப் பிற்கால ஆய்வு கூறியது. காரணம் எதுவாயினும் பிரித்தானியாவில் ஒரு தலைமுறை மருத்துவர்கள் முள்ளந்தண்டு ஊசியைக் கைவிட்டார்கள். இலங்கை மருத்துவர்கள் நிபுணத்துவப் பயிற்சிக்கும் பரீட்சைக்கும் பிரித்தானியாவை நோக்கிச் சென்ற காலம் அது. அந்த அச்சமும் பயிற்சியோடு சேர்ந்தே பயணித்திருக்கும் என்று கொள்ள இடமுண்டு.

4. முழு மயக்கத்தின் காலம்: 1946 முதல் 1980 வரை

1946-இல் நியூயோர்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1932 முதல் 1945 வரையான 44,016 பிரசவங்களில் 66 தாய்மாருக்கு மயக்கத்தின்போது இரைப்பைப் பொருள் நுரையீரலுக்குள் சென்றிருந்தது. திட உணவு மூச்சை அடைத்து இருவர் இறந்தார்கள். இரைப்பை அமிலம் நுரையீரலை எரித்துச் சிதைக்கிறது என்பதை விலங்குச் சோதனையால் அவர் காட்டினார். கர்ப்பிணியின் வயிறு எப்போதும் நிறைந்ததாகவே கருதப்பட வேண்டும் என்ற விதி இங்கிருந்தே வந்தது.

அதற்கு விடையாக முழு மயக்கம் புதிய வடிவம் பெற்றது. 1930-களில் வந்த தயோபென்டோன் நொடிகளில் தூங்க வைத்தது. 1951-இல் புழக்கத்துக்கு வந்த சக்சமெதோனியம் தசைகளை உடனே தளர்த்தியது. 1961-இல் பிரையன் செலிக், தொண்டை வளையத்தை அழுத்தி உணவுக்குழாயை மூடும் உத்தியை விவரித்தார். இவை சேர்ந்து, மயக்கி உடனே மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும் விரைவு முறையாக உருப்பெற்றன. முள்ளந்தண்டு ஊசி மேல் அவநம்பிக்கை நிலவிய நாடுகளில், சிசேரியன் என்றால் இதுவே பொருள் என்றாகியது.

இதே காலத்தில் இலங்கையில் பெரும் மாற்றம் ஒன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. 1930-களில், மலேரியாக் கொள்ளைநோய்க் காலத்தில், ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000-க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1926-இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வீடு வீடாகச் சென்ற மருத்துவமாதர், மலேரியாக் கட்டுப்பாடு, பென்சிலின், குருதியேற்றம், இலவச வைத்தியசாலைகள் ஆகியவற்றால் அந்த எண்ணிக்கை 1950 அளவில் 600-க்குக் கீழ் இறங்கியது. 2010-களில் 30 அளவுக்கு வந்தது. தென்னாசியாவின் பெரிய நாடுகள் எதுவும் இவ்வளவு தூரம் இறங்கவில்லை. குருதிப்பெருக்கும் தொற்றும் பிரசவத்தின் பேரச்சங்களாக இருந்த நாள்களில் மயக்கத்தால் நேரும் மரணம் கூட்டத்தில் மறைந்து கிடந்தது. மற்றக் காரணங்கள் குறையக் குறைய, இதயம் பழுதான தாயும் மேசையில் மயக்கம் தெளியாத தாயும் தனித்தனியாகக் கண்ணில் படத் தொடங்கினார்கள்.

5. எண்ணப்பட்ட மரணங்கள் விதியை மாற்றியமை

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1952 முதல் தாய் மரணங்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை இரகசிய விசாரணையாக ஆராயப்பட்டன. யாரையும் தண்டிக்காமல் ஒவ்வொரு மரணத்திலும் எது தவிர்த்திருக்கத்தக்கது என்று கேட்டதே அதன் சிறப்பு. மயக்கத்தால் வரும் மரணங்களில் இரண்டு காரணங்கள் மீண்டும் மீண்டும் வந்தன: மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்த முடியாமை, இரைப்பைப் பொருள் நுரையீரலுக்குள் செல்லுதல். கர்ப்பிணியின் தொண்டை வீங்கியிருக்கும். மூச்சை நிறுத்தினால் ஒட்சிசன் விரைவில் தீரும். பிரித்தானியத் தரவுகளில் ஏறத்தாழ 390 முழு மயக்கங்களுக்கு ஒன்றில் குழாய் செலுத்த முடியாமற் போயிருக்கிறது. பொதுச் சத்திரசிகிச்சைகளில் இது இதைவிடப் பலமடங்கு அரிது.

1997-இல் அமெரிக்காவில் ஜோய் ஹோக்கின்சும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு திருப்புமுனையானது. 1985–1990 காலத்தில் சிசேரியனுக்குக் கொடுத்த பத்து இலட்சம் முழு மயக்கங்களுக்கு 32 மரணங்களும், பகுதி மயக்கங்களுக்கு (முள்ளந்தண்டு, எபிடியூரல் முறைகள்) ஏறத்தாழ 2 மரணங்களும் மதிப்பிடப்பட்டன. 16 மடங்குக்கு மேற்பட்ட அந்த வேறுபாடு பாடநூல்களின் மொழியையே மாற்றியது. ஆனால் அதே குழு 2011-இல் வெளியிட்ட தொடராய்வில், 1997–2002 காலத்துக்கான வேறுபாடு 1.7 மடங்காகச் சுருங்கியிருந்தது. முழு மயக்கத்தின் கருவிகளும் பயிற்சியும் மேம்பட்டிருந்தன. மேலும், அவசரமாக வருபவர்களுக்கும் பகுதி மயக்கம் கொடுக்கவே முடியாத அளவுக்கு நோயுற்றவர்களுக்குமே முழு மயக்கம் மீதியாக விடப்படுகிறது. அவர்களின் நோயின் பாரமும் அந்த எண்ணில் சேர்ந்திருக்கிறது. ஆகவே நலமான தாய்மாருக்கான பொதுவிதியை ஆபத்து மிகுந்த தாய்க்கு அப்படியே பொருத்துவது தவறு.

முள்ளந்தண்டு ஊசியும் இடையில் திருந்தியது. பியூபிவக்கெய்ன் 1960-களில் வந்தது. உறையைக் கிழிக்காமல் விலக்கிச் செல்லும் பென்சில்முனை ஊசிகள் தலைவலியைக் குறைத்தன. தாயை இடப்பக்கம் சற்றுச் சரித்துப் படுக்கவைப்பது வழக்கமானது. விழும் அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த எபெட்ரினைவிடப் பெனைல்எப்ரின் குழந்தைக்கு நல்லது என்பதை, ஹொங்கொங்கின் நன் கீ குழுவினர் 2000-களில் நடத்திய ஆய்வுகள் நிறுவின.

6. ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒவ்வொரு கணக்கு

கடுமையான முன்சூல்வலிப்பு. உயர் குருதியமுக்கத்தோடு சிறுநீரில் புரதம் கழியும் இந்நிலையில் முள்ளந்தண்டு ஊசி அழுத்தத்தை அதலபாதாளத்துக்குத் தள்ளும் என்று நீண்ட காலம் அஞ்சினார்கள். 1995-இல் அமெரிக்காவில் வொலஸ் குழு 80 தாய்மாரை மூன்று முறைகளுக்குப் பிரித்து ஒப்பிட்டு, கவனமாகச் செய்தால் எல்லாமே ஏற்கத்தக்கவை என்றது. 2003-இல் பிரான்ஸின் ஆயா குழு, கடும் முன்சூல்வலிப்புள்ள தாய்மாருக்கு முள்ளந்தண்டு ஊசியின்பின் அழுத்தம் நலமான தாய்மாரைவிடக் குறைவாகவே விழுகிறது என்று கண்டது. அச்சம் சான்றின் முன் பின்வாங்கிய நல்ல உதாரணம் இது. மறுபக்கம், இத்தாய்க்கு முழு மயக்கம் கொடுக்கும்போது தொண்டைக்குள் குழாய் நுழையும் கணத்தில் அழுத்தம் எகிறி மூளையில் குருதி கசியலாம். வீங்கிய தொண்டை குழாய்க்கு இடம் கொடாது. வலிப்பைத் தடுக்கக் கொடுக்கும் மக்னீசியம் சல்பேற்று தசைத் தளர்த்தி மருந்துகளின் வேலையை நீட்டிவிடும். எனவே, குருதிச் சிறுதட்டுகள் மைக்ரோலீற்றருக்கு 70,000-க்கு மேல் இருந்து வேகமாக விழாமலும் இருந்தால் முள்ளந்தண்டு ஊசியே முதல் தெரிவு. வலிப்பு வந்து நினைவு தெளியாத தாய்க்கு முழு மயக்கம் தவிர்க்க முடியாதது. அப்போதும் முதலில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியாக வேண்டும்.

இதய நோய். இலங்கையில் தாய் மரணங்களின் மறைமுகக் காரணங்களுள் இதய நோய் முன்வரிசையில் இருந்து வருகிறது. மூட்டுவாதக் காய்ச்சலால் சுருங்கிய வால்வுகள் ஒருபுறம். சிறுவயதில் இதயச் சத்திரசிகிச்சை பெற்று வளர்ந்து இன்று தாய்மையடைவோர் மறுபுறம். சுருங்கிய மைட்ரல் வால்வுள்ள தாய்க்குத் துடிப்பு வேகமாவதே எதிரி. வலியும் பயமும் அதைக் கூட்டும். பெருநாடி வால்வு கடுமையாகச் சுருங்கிய தாய்க்கோ குருதிக் குழாய்கள் திடீரெனத் தளர்வது ஆபத்து. ஒரே ஊசியில் முழு அளவைக் கொடுக்கும் முள்ளந்தண்டு முறை இருவருக்கும் உகந்ததல்ல. எபிடியூரலைச் சிறிது சிறிதாக ஏற்றுவது, அல்லது மிகக் குறைந்த அளவு முள்ளந்தண்டு ஊசியோடு எபிடியூரலைச் சேர்ப்பது இங்கே வழியாகிறது. செயற்கை வால்வுக்காகக் குருதி உறையா மருந்து எடுப்பவருக்கு, குறைந்த மூலக்கூற்று எடையுள்ள ஹெபரினின் முழுச் சிகிச்சை அளவை நிறுத்தி 24 மணித்தியாலம் கடந்தால்தான் முதுகில் ஊசி ஏற்றலாம். அந்த 24 மணித்தியாலத்தை ஏற்பாடு செய்வதற்குத் திட்டம் வேண்டும். குழந்தை பிறந்ததும் கருப்பையைச் சுருக்கக் கொடுக்கும் ஒக்சிடோசினையும் இத்தாய்மாருக்கு ஒரே தள்ளாகத் தரக்கூடாது. மெதுவாக ஏற்ற வேண்டும்.

நச்சுக்கொடிக் கோளாறு. இலங்கையில் அண்மைக் காலத்தில் கணிசமான பங்குப் பிறப்புகள் சிசேரியன் வழியே நிகழ்கின்றன. இதன் நீண்ட நிழல், அடுத்த கர்ப்பங்களில் பழைய தழும்பின் மேல் ஒட்டி வளரும் நச்சுக்கொடி. அமெரிக்காவில் சில்வரும் சகாக்களும் 2006-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், நச்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்த தாய்மாரில் அது சுவருக்குள் ஊன்றியிருக்கும் வாய்ப்பு முதல் சிசேரியனில் 3 வீதம், மூன்றாவதில் 40 வீதம், நான்காவதில் 61 வீதம் எனக் கண்டார்கள். குருதிப்பெருக்கு பெரிதானால் விழித்திருக்கும் தாயின் அழுத்தத்தைத் தாங்குவதும் கருப்பையை அகற்றுவதும் கடினம். சிலர் தொடக்கத்திலேயே முழு மயக்கம் கொடுக்கிறார்கள்; சிலர் முதுகூசியில் தொடங்கிக் குழந்தை பிறந்தபின் முழு மயக்கத்துக்கு மாறுகிறார்கள். இரண்டுக்கும் ஆதாரமுண்டு. எந்த மருந்து என்பதைவிட, பொருத்தமான குருதி கையருகே இருக்கிறதா என்பதே இங்கு பெரிய கேள்வி.

7. கொழும்புக்கே உரிய நெருக்கடிகள்

மழைக்காலத்துக் கொழும்பில் டெங்கு இல்லாமல் மகப்பேற்று மயக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. 2017-இல் நாட்டில் 186,000-க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். 400-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மேல் மாகாணமே பெருஞ்சுமையைச் சுமந்தது. நிறைமாதக் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் தணியும் வேளையில் குருதிநீர் குழாய்களிலிருந்து கசியத் தொடங்குகிறது, சிறுதட்டுகள் சரிகின்றன. 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீளும் அந்தக் கட்டத்தில் கத்தி வைப்பதே ஆபத்து. இயன்றால் கட்டம் கடக்கும்வரை பிரசவத்தைத் தள்ளிப்போடுவதே நாட்டின் வழிகாட்டல். தவிர்க்க முடியாதபோது, சிறுதட்டு வீழ்ச்சியால் முதுகூசி கைவிடப்பட்டு, சிறுதட்டேற்றத்தின் துணையோடு முழு மயக்கம் தேர்வாகிறது. பாடநூல் சொல்லும் பொதுவிதி இங்கே முழுதாகத் தலைகீழாகிறது. அழுத்தம் விழுந்தால் திரவத்தை ஊற்றும் பழக்கமும் இங்கே கொல்லும்; கசிந்த திரவம் பின்னர் திரும்பி நுரையீரலை நிறைத்துவிடும்.

2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனையும் சுற்றியுள்ள வடகொழும்பும் கொவிட் தனிமைப்படுத்தலுக்குள் அடைபட்டன. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும்போது கிருமி காற்றில் பரவும் என்பதால் உலகெங்கும் முதுகூசியே வலியுறுத்தப்பட்டது. தெரிவில் தாயின் பாதுகாப்போடு மேசையைச் சூழ நிற்பவர்களின் பாதுகாப்பும் சேர்ந்துகொண்டது.

2022-இன் பொருளாதாரச் சரிவு மற்றொரு பாடத்தைத் தந்தது. அவ்வாண்டு மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, தசைத் தளர்ச்சியை மீட்கும் நியோஸ்டிக்மின் உட்பட மருந்துகள் இல்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. 2023-இல் அங்கே முதுகூசியின்பின் தாய்மார் இறந்ததை அடுத்து, பியூபிவக்கெய்ன் மருந்தொன்றின் பாவனை நாட்டில் இடைநிறுத்தப்பட்டது. மயக்க மருந்து நிபுணர்கள் பலரும் அக்காலத்தில் நாட்டைவிட்டுப் போனார்கள். மருந்துக் களஞ்சியமும் கொள்வனவும் தரப் பரிசோதனையும் தெரிவின் பகுதிகள் என்பதைக் கொழும்புத் தாய்மார் செய்தித்தாளில் படித்தே அறிந்தார்கள்.

8. தெரிவு தொடங்கும் இடம்: கிளினிக்கும் மொழியும்

மேலே சொன்ன நிலைகளில் பெரும்பாலானவை பிரசவ நாளில் திடீரென வருபவையல்ல. இதய முணுமுணுப்பு முதற் பரிசோதனையில் கேட்கும். ஏறும் அழுத்தம் மருத்துவமாது எழுதும் கர்ப்பிணிப் பதிவேட்டில் வாரக் கணக்கில் தெரியும். நச்சுக்கொடியின் இடம் ஸ்கானில் தெரியும். முள்ளந்தண்டு வளைவும், வாயைத் திறக்க முடியாத தாடையும், முன்னைய மயக்கத்தில் வந்த கோளாறும் கேட்டால்தான் வெளிவரும். 32 அல்லது 34 ஆவது வாரத்தில் மயக்க மருந்து நிபுணர் இத்தாயைப் பார்த்தால் எல்லா வழிகளும் திறந்திருக்கும். நள்ளிரவில் நினைவிழந்து வந்தால் ஒரே வழிதான் மிஞ்சும். தேசிய வைத்தியசாலையும் மகளிர் வைத்தியசாலைகளும் ஒன்றுக்கொன்று அண்மையில் இருக்கும் கொழும்பில், இதய நிபுணர், மகப்பேற்று நிபுணர், மயக்க நிபுணர் மூவரும் முன்கூட்டியே ஒரு திட்டத்தை எழுதி வைப்பது இயலாத காரியமல்ல.

இன்னொரு விடயம் தமிழ்த் தாய்மாரோடு நேரடியாகத் தொடர்புடையது. முழு மயக்கத்தின் காலத்தில் தாய் மௌனமாக இருந்தாள், இயந்திரங்களே பேசின. முதுகூசியின் காலத்தில் அவள் விழித்திருக்கிறாள். அவளுடைய சொல்லே மிக விரைவான எச்சரிக்கை. “தலை சுத்துது, சத்தி வருது” என்றால் அழுத்தம் விழுகிறது. அழுத்தமானி காட்டுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். “கை விறைக்குது” என்றால் மருந்து எதிர்பார்த்ததைவிட மேலே ஏறுகிறது. “மூச்செடுக்கக் கஷ்டமாக் கிடக்கு” என்றால் இதய நோயுள்ள தாயில் நுரையீரலில் நீர் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். “நோகுது” என்றால் முறையை மாற்றும் கணம் வந்துவிட்டது. இச்சொற்களை மேசையருகே நிற்கும் ஒருவர் விளங்கிக்கொள்ளாவிட்டால், விழித்திருக்கும் முறையின் பாதுகாப்பில் ஒரு பங்கு வீணாகிறது. 1987-இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அது சத்திரசிகிச்சைக்கூடத்துக்குள்ளும் பொருள் பெற வேண்டும். ஒப்புதல் படிவத்தில் தமிழ் அச்சாகியிருப்பது தொடக்கம் மட்டுமே. ஊசி ஏறுவதற்கு முன் என்ன உணர்வு வரும், எதை உடனே சொல்ல வேண்டும் என்பதைத் தாய்க்குத் தமிழில் சொல்லி, அவள் சொல்வதைக் கேட்க ஒரு தாதியையோ மருத்துவரையோ தலைமாட்டில் நிறுத்துவது பெருஞ்செலவு கேட்கும் காரியமல்ல. தமிழ் மட்டும் பேசும் மருத்துவர் முன் கிடக்கும் சிங்களத் தாய்க்கும் இதே உரிமை உண்டு.

9. முடிவுரை

சிம்சனின் ஈதர் முதல் இன்றைய பியூபிவக்கெய்ன் வரை, மயக்கமுறைத் தெரிவு முன்னேறிய ஒவ்வொரு முறையும் யாரோ மரணங்களை ஒளிக்காமல் எண்ணினார்கள், காரணத்தைக் கேட்டார்கள், அச்சத்தைச் சான்றால் சோதித்தார்கள். மெண்டல்சன், பிரித்தானிய விசாரணைகள், ஹோக்கின்ஸ், ஆயா ஆகியோரின் பணிகள் அவ்வழியில் வந்தவை. ஒவ்வொரு தாய் மரணத்தையும் களத்திலும் வைத்தியசாலையிலும் ஆராய்ந்து குடும்ப சுகாதாரப் பணியகம் வரை கொண்டுசெல்லும் இலங்கையின் மீளாய்வு முறையும் அந்த மரபைச் சேர்ந்தது. நாடு பெருமைப்படத்தக்க ஒன்று.

அந்த மீளாய்வில் இரண்டு கேள்விகள் தவறாமல் இடம்பெற வேண்டும் என்பது இவ்வாய்வின் பரிந்துரை. ஆபத்து அறியப்பட்ட நாளுக்கும் மயக்க மருந்து நிபுணர் தாயைப் பார்த்த நாளுக்கும் இடையே எத்தனை வாரம் கழிந்தது? மேசையில் தாய் சொன்னது என்ன, அதை விளங்கிக்கொண்டவர் அங்கே இருந்தாரா? முதற் கேள்வி முறைகளுக்கிடையே தெரிவு செய்யும் வாய்ப்பைப் பாதுகாக்கிறது. இரண்டாவது, தெரிந்தெடுத்த முறையைப் பாதுகாப்பானதாக்குகிறது. வெள்ளவத்தையிலிருந்து களுபோவிலவுக்கும் கொட்டாஞ்சேனையிலிருந்து டி சொய்சாவுக்கும் செல்லும் தாய்மாரில் இவ்விரண்டையும் முதலில் பதிவு செய்யத் தொடங்கினால், அடுத்த பத்தாண்டுகளில் இத்தெரிவைப் பற்றிய விதிகளை வேறு நாடுகளின் எண்களிலிருந்து மட்டுமன்றிக் கொழும்பின் சொந்த எண்களிலிருந்தும் எழுத முடியும்.